ஆயிரமும் பத்தாயிரமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைக் காணத் தஞ்சாவூருக்குத்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. கையில் ஓர் ஆயிரம் ரூபாய் நோட்டு இருந்தால் போதும். அதைத் திருப்பிப் பார்த்தால் கோயில் தெரியும். 1954-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டைத்தான் சொல்கிறேன். ஐயாயிரம் ரூபாய் நோட்டில் பம்பாய்த் துறைமுகத்து இந்திய வாயில். பத்தாயிரம் ரூபாய் நோட்டில் அசோகரின் சிங்கத் தூண். தென்னாட்டுக்குக் கிடைத்த பங்கு ஆயிரம். ஆனால் ஒன்று. தஞ்சைக் கோயிலை நேரில் கண்ட தமிழர் பல இலட்சம் பேர். நோட்டில் கண்டவர் மிகச் சிலரே.

அந்தப் பெரிய நோட்டுகளின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நான் தாமிரபரணிக் கரைக்காரன். பொதிகையிலிருந்து இறங்கும் ஆறு சமவெளியில் கால் வைக்கும் பாபநாசத்தை அறிந்தவன். ஆற்றுக்கும் கோயிலுக்கும் பேர்போன அந்தச் சிற்றூருக்கும் பத்தாயிரம் ரூபாய் நோட்டுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது, அது ஸ்காத்லாந்து வழியாக வருகிறது.

காகிதப் பணத்தில் ஸ்காத்லாந்தியர் பழம்பெரும் கைகாரர்கள். 1695-இல் தோன்றிய அவர்களுடைய ஸ்காத்லாந்து வங்கி, தொடங்கிய சில மாதங்களிலேயே நோட்டு அச்சிடலாயிற்று. இன்றும் அந்நாட்டில் மூன்று வங்கிகள் தத்தம் பெயரில் நோட்டு வெளியிடுகின்றன. இங்கிலாந்து வங்கியின் நோட்டு ஐம்பது பவுனோடு நின்றுவிட, ஸ்காத்லாந்தில் நூறு பவுன் நோட்டும் உண்டு. இந்தத் தனியார் நோட்டுகளுக்கு ஈடாக இங்கிலாந்து வங்கியில் சில காகிதங்கள் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. ஒன்றின் மதிப்பு பத்து இலட்சம் பவுன். இன்னொன்றின் மதிப்பு பத்துக் கோடிப் பவுன். முன்னதற்கு ‘ஜயன்ட்’ என்றும் பின்னதற்கு ‘டைட்டன்’ என்றும் பெயர். வீட்டுக்குள்ளேயே இருக்கும் அரக்கர்கள், தெருவுக்கு வருவதில்லை.

அந்த நாட்டின் ஹாயிக் என்னும் ஊரிற் பிறந்த ஜேம்ஸ் வில்சன் என்பவர் 1859-இல் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். இலண்டன் ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையைத் தோற்றுவித்தவரும் இவரே. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் வறண்டு கிடந்த கஜானாவை நிரப்புவது அவர் வேலை. அவர் இரண்டு காரியங்களைத் தொடங்கினார். ஒன்று, 1860-இல் வருமான வரி. மற்றொன்று, அரசாங்கமே நோட்டு வெளியிடும் திட்டம். வந்த ஆண்டு முடிவதற்குள், 1860 ஆகஸ்டில், கல்கத்தாவிலேயே இறந்து போனார். அவருடைய திட்டத்தை 1861-இல் சட்டமாக்கியவர் அவருக்குப் பின் வந்த சாமுவேல் லாயிங். அவர் எடின்பரோவில் பிறந்தவர். வருமான வரியும் பெரிய நோட்டும் இந்த நாட்டுக்கு ஒரே தலையிலிருந்து வந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் ஒன்றுக்கு அஞ்சியவன் மற்றொன்றுக்குள் ஒளிந்தான். அதன் விளைவாகவே பின்னதற்கு மும்முறை தலை போயிற்று.

அதற்குமுன் சென்னை வங்கி, வங்காள வங்கி, பம்பாய் வங்கி ஆகிய மாகாண வங்கிகள் நோட்டு வெளியிட்டு வந்தன. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைப் பறித்து அரசாங்கத்திடம் வைத்தது. நான்கு கோடி ரூபாய் வரை கடன் பத்திரங்களை ஈடாக வைத்து நோட்டு அடிக்கலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் நாணயமோ வெள்ளியோ இருப்பில் இருக்கவேண்டும் என்பது விதி. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த அந்நோட்டுகள் ஒரு பக்கம் மட்டுமே அச்சானவை. பத்து ரூபாயில் தொடங்கி ஆயிரம் வரை இருந்தன. பின்னர்ப் பத்தாயிரமும் சேர்ந்தது.

இவ்வளவு பெரிய நோட்டு எதற்கு? வெள்ளி ரூபாயைத் தூக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு ரூபாய் ஒரு தோலா எடை. ஆயிரம் ரூபாய் என்றால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல். பத்தாயிரம் என்றால் நூற்றுப் பதினாறு கிலோவைத் தாண்டும்; ஒருவன் தோளில் ஏறாது, வண்டி கட்ட வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். பருத்தி மூட்டைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் கப்பற் சரக்குக்கும் பணம் கட்டுகிறவனுக்கு ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள்! வழிப்பறிக்கு அஞ்சி அந்த நாளில் ஒரு தந்திரமும் செய்தார்கள். பெரிய நோட்டை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்புவது. அது சேர்ந்த செய்தி வந்தபின் மறு பாதியை அனுப்புவது. பெற்றுக்கொண்டவர் இரண்டையும் ஒட்டிக்கொள்வார். இன்று பழைய நோட்டுச் சேர்ப்பவர்களிடம் உள்ள ஒட்டுப்போட்ட நோட்டுகள் சில இவ்வாறு பயணம் செய்தவையே.

ஆனால் இந்தக் காகிதத்துக்கு ஓர் எல்லை இருந்தது. நாட்டை வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். சென்னை வட்டத்து நோட்டு அந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். அதைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கும் உரிமை, அதை வெளியிட்ட அலுவலகத்தில் மட்டுமே உண்டு. மாவட்டக் கருவூலத்தில் மாற்றித் தந்தால் அது தயவு, உரிமை அன்று. நெல்லைச் சீமைக்காரன் ஒருவன் சட்டத்தைக் காட்டி வெள்ளி கேட்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். மேற்கே மலையைத் தாண்டினாலோ நிலைமை வேறு. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சமஸ்தானம். அங்கே சக்கரமும் பணமும் புழங்கின. ஆங்கில ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கணக்கு. அம்பாசமுத்திரத்துச் சந்தைக்கு வந்தவன் பையில் இரண்டு அரசாங்கத்துக் காசும் குலுங்கியிருக்கும். வட்டக் கட்டுப்பாடு 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டுக்குத் தளர்ந்தது. 1910-இல் பத்துக்கும் ஐம்பதுக்கும், 1911-இல் நூறுக்கும் நீங்கியது. பெரிய நோட்டுகள் மட்டும் பின்னரும் நெடுநாள் வட்டத்துக்குள்ளேயே கிடந்தன.

இனிப் பாபநாசத்துக்கு வருவோம். ஆண்ட்ரு ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்னும் ஸ்காத்லாந்துச் சகோதரர் இருவர், விழுந்து வீணாகும் அருவி நீரைக் கண்டு, அதன் விசையால் நூற்பாலை ஓட்டலாம் எனத் துணிந்தனர். 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் திருநெல்வேலி மில் எழுந்தது. பிறகு தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலைகள் எழுந்தன. ஊரார் வாயில் அது ‘ஆர்வி மில்’. 1974-இல் அந்நிறுவனம் ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நூல் நிறுவனமாகிய கோட்ஸுடன் இணைந்து ‘மதுரா கோட்ஸ்’ ஆயிற்று. ஆக, நம் நாட்டு நோட்டைத் திட்டமிட்டவரும் ஸ்காத்லாந்தியர். நம் ஆற்றில் ஆலை கட்டியவரும் ஸ்காத்லாந்தியர்.

ஆலை என்றால் இருவகைப் பணம் வேண்டும். பஞ்சு வாங்கவும் இயந்திரம் தருவிக்கவும் பெரும்பணம். அது நோட்டாகவும் உண்டியலாகவும் காசோலையாகவும் சத்தமின்றி நடக்கும். கூலிப் பணமோ வெள்ளியும் செம்பும் சின்ன நோட்டுமாகக் கையில் விழுந்து ஓசை எழுப்பும். ஒரே வாயிலுக்குள் இரண்டு உலகங்கள். நூற்றவனும் நெய்தவனும் ஆயுள் முழுவதும் ஆலைக்குள் கழித்தும் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் காணாமலே போயிருப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காணாததால் அவர்களுக்கு நேர்ந்த நன்மை ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1935 ஏப்ரல் 1-ஆம் நாள் ரிசர்வ் வங்கி பிறந்தது. மூன்றாண்டுகள் பழைய அரசாங்க நோட்டுகளையே வழங்கிவிட்டு, 1938 ஜனவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையுடன் தன் முதல் ஐந்து ரூபாயை வெளியிட்டது. பிப்ரவரியில் பத்து, மார்ச்சில் நூறு, ஜூன் மாதத்தில் ஆயிரமும் பத்தாயிரமும். அன்று தங்கம் தோலா முப்பத்தைந்து, முப்பத்தாறு ரூபாய். பத்தாயிரம் ரூபாய் நோட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ நானூறு பவுன் வாங்கலாம். மடித்தால் சட்டைப் பையில் அடங்கும் காகிதத்துக்குள் ஒரு ஜமீன் வீட்டுக் கல்யாணமே அடங்கியிருந்தது.

அதே 1938 ஜூனில் தென்னாட்டை ஓர் இடி தாக்கியது. திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவை அடைத்தது. திருவிதாங்கூரிலும் தமிழ் மாவட்டங்களிலும் பல்லாயிரவர் அதில் பணம் போட்டிருந்தனர். வேறு வங்கிகளின் வாயில்களிலும் கூட்டம் திரண்டது. வங்கிப் புத்தகத்தில் எழுதிய எண் ஒரே நாளில் வெறும் மையாகிவிடும் என்று கண்டவன், பணத்தை வீட்டில் வைக்க எண்ணியது வியப்பா? வீட்டில் வைப்பதற்கு ஆயிரம் ரூபாய் நோட்டைவிட வசதியானது எது? பெரிய நோட்டு வைத்திருந்தவன் எல்லாம் கள்ளன் என்று பேசுவோர் இந்த ஜூன் மாதத்தை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வந்தது யுத்தம். 1939-க்கும் 1945-க்கும் இடையே புழக்கத்திலிருந்த நோட்டின் தொகை ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. அரிசிக்கும் துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பங்கீடு வந்தது. பங்கீட்டின் பின்னாலேயே கள்ளச் சந்தை வந்தது. அதில் சம்பாதித்தவன் வங்கிக்குப் போனால் வரி அதிகாரி கேட்பார். பெரிய நோட்டாக்கிப் பெட்டியில் பூட்டினால் யாரும் கேட்கமாட்டார். வில்சன் துரையின் இரண்டு குழந்தைகளும் இங்கேதான் எதிரெதிரே நின்றன. இங்கிலாந்தில் பத்துப் பவுனும் அதற்கு மேற்பட்டனவுமான நோட்டுகளை 1943-இல் வெளியிடாமல் நிறுத்தி, 1945-இல் செல்லாதவையாக்கியிருந்தார்கள். அந்த வழியை இந்திய அரசாங்கமும் பின்பற்றியது.

1946 ஜனவரி 12, சனிக்கிழமை. பொங்கலை எதிர்நோக்கி மக்கள் இருந்த வேளையில் அவசரச் சட்டம் வந்தது. ஐந்நூறு, ஆயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் அன்றோடு செல்லா. மாற்ற வேண்டுமானால் மனு எழுதவேண்டும். இந்த நோட்டு எப்போது, எதனால் கைக்கு வந்தது, ஏன் வங்கியில் போடவில்லை என்றெல்லாம் விளக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் ஆளுநராயிருந்த தேஷ்முக் இந்நடவடிக்கையில் பெரும் பலன் விளையும் என்று நம்பியவர் அல்லர். நடந்ததும் அப்படியே. 143 கோடியே 97 இலட்சம் ரூபாய் பெறுமான பெரிய நோட்டுகளில், 1947 முடிவதற்குள் 134 கோடியே 90 இலட்சம் திரும்பி வந்து சேர்ந்தது. பிடிபட்டது, அதாவது வராமல் போனது, ஒன்பது கோடி. பெரிய கைகள் தரகர் மூலம் கழிவுக்கு விற்று மாற்றிக்கொண்டன. ஆளுக்கு ஆள் வெவ்வேறு இலாப நட்டத்தில் நடந்த மாற்றமே அன்றி இது ஒழிப்பு ஆகாது என்று ரிசர்வ் வங்கியின் வரலாறே தீர்ப்புச் சொல்கிறது.

பாபநாசத்துக்கு வருகிறவர்கள் ஆற்றில் முழுகி, உடுத்திய துணியை நீரிலேயே விட்டுவிட்டுப் போவதை நேயர்கள் கண்டிருக்கலாம். பாவம் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. இந்திரனுக்கே இங்குப் பாவம் தீர்ந்ததாகத் தல புராணம் கூறும். துணி போனது உண்மை. அது கீழேயுள்ள படித்துறைகளில் சிக்கிக்கொண்டு ஆற்றைக் கெடுப்பதும் உண்மை. முழுகி எழுந்தவன் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான் என்பதை ஆறு அறியாது. அரசாங்கம் நோட்டை முழுக்காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் படித்துறைதான் நினைவுக்கு வருகிறது.

எட்டே ஆண்டுகளில், 1954-இல், பெரிய நோட்டுகள் திரும்பி வந்தன. நான் முதலிற் சொன்ன தஞ்சைக் கோயில் நோட்டு அப்போது வந்ததுதான். கடலுக்கு அப்பால் இலங்கையில், 1970 அக்டோபரில், நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார். இந்தியாவில் அடுத்த அடி 1978-இல் விழுந்தது.

அந்தக் கதையில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. அவ்வாண்டு ஜனவரி 14, தைப் பொங்கல் நாள். பம்பாயிலிருந்து ரிசர்வ் வங்கி அதிகாரி ஒருவர் அவசரமாக டில்லிக்கு அழைக்கப்பட்டார். போன பிறகுதான் வேலை இன்னதென்று சொன்னார்கள்: பெரிய நோட்டுகளைச் செல்லாதவையாக்கும் அவசரச் சட்டத்தை எழுதித் தரவேண்டும், வெளியில் மூச்சு விடக்கூடாது. அவர் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாதிரிக்கு வாங்கி வைத்துக்கொண்டு எழுதினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பலிக்காத மருந்துக்கு அதே சீட்டு! 16-ஆம் நாள் அதிகாலையில் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி கையெழுத்திட்டார். காலை ஒன்பது மணிச் செய்தியில் அகில இந்திய வானொலி அதை அறிவித்தது. மறுநாள் வங்கிகள் அடைத்திருந்தன. ஆயிரமும் ஐயாயிரமும் பத்தாயிரமும் போயின; தஞ்சை விமானமும் அவற்றோடு போயிற்று. அப்போது ஆளுநராயிருந்த ஐ. ஜி. படேலும் இதை விரும்பவில்லை. கறுப்புப் பணக்காரர் பணத்தைத் தலையணை உறைக்குள் நோட்டாகவே வைத்திருப்பார்கள் என்று எண்ணுவது பேதைமை என்பது அவர் கருத்து.

இப்போது, நான் முன்பு சொல்லாமல் நிறுத்திய செய்திக்கு வருகிறேன். 1946-இல் பெரிய நோட்டுகள் மொத்தப் புழக்கத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவே. 1978-இல் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. அதனால் பாபநாசத்து ஆலைத் தொழிலாளிக்கு அந்த இரண்டு நாட்களும் மற்ற நாட்களைப் போன்ற நாட்களே. வானொலியில் செய்தி கேட்டுச் சிரித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பான். இல்லாதவனுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அந்த இரு முறையும் அவனைக் காப்பாற்றிற்று.

பிறகு ஐந்நூறு ரூபாய் 1987-இலும் ஆயிரம் ரூபாய் 2000-இலும் மீண்டும் வந்தன. இந்த முறை தஞ்சைக் கோயில் வரவில்லை, காந்தியடிகள் வந்தார். விலைவாசி ஏற ஏற, பெரிய நோட்டு ஓசையின்றிச் சிறிய நோட்டாகிவிட்டது. 2016-இல் தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்தின் நாட்கூலி 203 ரூபாய். ஐந்நூறு ரூபாய் என்பது ஓர் உழைப்பாளியின் இரண்டரை நாள். சட்டமோ அதை இன்னும் பெரிய நோட்டு என்றே பார்த்தது.

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி ஐந்நூறையும் ஆயிரத்தையும் செல்லாதவை என்றார். இம்முறை போனது புழக்கத்தில் நூற்றுக்கு எண்பத்தாறு. எங்கள் பக்கத்தில் அது பிசான நடவுக் காலம். நாற்று வளர்ந்து நிற்கிறது, அணைத் தண்ணீர் கால்வாயில் வருகிறது. நடவுக்கு வந்த பெண்களுக்கு மாலையில் கொடுக்கச் செல்லும் நோட்டு இல்லை. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், முக்கூடல் எங்கும் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் கணவன் அறியாமல் சேர்க்கும் பணத்துக்குச் ‘சிறுவாடு’ என்று பெயர். அரிசிப் பானைக்குள், சேலை மடிப்புக்குள், சுவாமி படத்துக்குப் பின்னால் அது இருக்கும். பத்தும் இருபதுமாகச் சேர்ந்ததை ஐந்நூறாக மாற்றி வைத்திருந்தார்கள், எலி கடிக்க இடம் குறையட்டும் என்று. ஒரு வங்கி வாயிலில் நான் நின்றிருந்தபோது எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி முந்தானையில் முடிந்த எட்டு நோட்டுகளோடு நின்றாள். அவள் கவலை நோட்டைப் பற்றியது அன்று. “இத்தனை இருக்குன்னு இப்ப எம் மவனுக்குத் தெரிஞ்சு போச்சே, ஐயா” என்றாள். எழுபது ஆண்டுகளுக்கு முன் பத்தாயிரம் ரூபாய்க்காரனிடம் கேட்ட அதே கேள்வி, ஏன் வங்கியில் போடவில்லை என்னும் கேள்வி, வரிசையில் நின்ற இவளிடமும் வந்து சேர்ந்திருந்தது. கருவிழி மங்கிய அவளால் படிவத்தைப் படிக்கவும் இயலவில்லை.

திரும்பி வந்த கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லாதென்ற 15 இலட்சத்து 41 ஆயிரம் கோடியில் 15 இலட்சத்து 31 ஆயிரம் கோடி வங்கிக்கு வந்துவிட்டது. 1946-இல் வராமல் போனது நூற்றுக்கு ஆறு. இங்கே ஒன்று கூட இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்நடவடிக்கை சட்டப்படி சரியே என்றது. மாறுபட்டவர் நீதிபதி நாகரத்னா.

பெரிய நோட்டை ஒழித்த கையோடு அதனினும் பெரிய நோட்டு வந்தது இம்முறைதான். செவ்வாய் சென்ற மங்கள்யானைத் தாங்கிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. பாபநாசத்து டீக்கடையில் அதைக் கொடுத்துச் சில்லறை வாங்கியவர் பாக்கியவான். ஏழாண்டுகூட அது முழுதாக வாழவில்லை. 2023 மே 19-இல் அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. செல்லாது என்று சொல்லவில்லை. செல்லும், ஆனால் வேண்டாம் என்றது. அவ்வாண்டு அக்டோபருக்குப் பின் சாதாரண வங்கிகளில் அதை வாங்குவதும் நின்றது. மாற்ற வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் பத்தொன்பது வெளியீட்டு அலுவலகங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும், அல்லது தபாலில் அனுப்ப வேண்டும். எங்கள் ஊர்க்காரனுக்கு அவற்றுள் தெரிந்தவை இரண்டு: மலைக்கு இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம், சக்கரம் புழங்கிய பழைய நாட்டில், திருவனந்தபுரம்.